விமானியாதற்கு வேண்டுவன

தஞ்சை நகரையடுத்த விமானப்படைத் தளத்தினின்று எழும் ஊர்திகளின் முழக்கம் இன்று காவிரிக் கழனிகளுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பெற்ற அத்தளம் 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் முறைப்படி தொடங்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள் 'சுகோய்-30' விமானங்களையுடைய 222-ஆம் படைப்பிரிவு அங்கு நிலைகொண்டது. முழக்கம் கேட்டவுடன் நாற்று நடும் மகளிர் நிமிர்ந்து நோக்குகின்றனர். வரப்பின்மீது நிற்கும் சிறுவன், ஊர்தி மறைந்த பின்னரும் வானத்தைவிட்டுக் கண்ணெடுத்தானில்லை. 'யானும் விமானியாவேன்' என்று அவன் தன் தாயிடம் கூறுவானாயின், அவள் யாது விடை பகர்தல் கூடும்? விமானியாதற்கு வேண்டுவன யாவை? அவற்றுள் நம் நாட்டுச் சிறுவனிடத்து உள்ளன எவை? இல்லாதது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முடிபை முன்னரே கூறிவிடுதல் நன்று: விமானிக்குச் சட்டம் விதித்துள்ள தகுதிகள் உடல், அறிவு, பயிற்சி, ஒழுக்கம் என்னும் நான்கேயாகும், இந்நான்கும் எளிய உழவர் மக்கள் எய்தத்தக்கனவே. சட்டத்தில் எழுதப்படாத ஐந்தாம் தகுதியாகிய பொருள் ஒன்றே வாயிலில் நின்று தடுக்கின்றது. அத்தடையை நீக்குதல் அரசினர்க்கும் கல்விச் சாலைகட்கும் கடன் என்பதே எம் கருத்து.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு வானூர்தி புதுப்பொருளன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் தம் கடமையை முடித்தபின் செலுத்துவோனின்றியே செல்லும் விண்ணூர்தியைப் பெறுவர் என்று புறநானூற்றிற் கூறுகின்றார். செலுத்துவோனை அப்புலவர் குறிக்கும் சொல் 'வலவன்' என்பதாகும். வலவனில்லாத ஊர்தி மறுமைக்கு உரியது. இம்மையிலே நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்லும் ஊர்திக்கோ வலவன் வேண்டும். அவனுக்குப் பயிற்சியும் வேண்டும். இவ்வுண்மையைத் திருத்தக்கதேவர் நன்கு உணர்ந்திருந்தார். சீவக சிந்தாமணியில், கட்டியங்காரனால் வரவிருக்கும் கேட்டினை எண்ணிய சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கின்றான். பொறியை ஒரு பக்கம் திருகினால் எழும். மறுபக்கம் திருகினால் இறங்கும். எனினும், பொறி செய்தாயிற்று என்று அரசன் அமைந்துவிடவில்லை. அதனைச் செலுத்தும் முறையைத் தேவி முன்னரே பழகிக்கொள்ளுமாறு செய்தான். பகை சூழ்ந்த நாளிலே அவளையும் அவள் வயிற்றிலிருந்த சீவகனையும் காத்தது பொறி மட்டுமன்று, அப்பழக்கமும் அன்றோ?

இனி, இக்காலத்துச் சட்டம் கூறுவனவற்றை நோக்குவோம். நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகும். உரிமங்கள் படிப்படியாக அமைந்துள்ளன. 16 வயது நிரம்பியோர் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயதில் தனியார் விமானி உரிமம் பெறலாம். இதனையுடையோர் ஊதியம் பெறாது பறக்கலாமேயன்றித் தொழிலாகக் கொள்ளுதல் கூடாது. 18 வயது நிரம்பியோர் வணிக விமானி உரிமம் பெறத் தகுதியுடையர். தொழில்முறை விமானிக்கு இதுவே வாயில். இதற்கு 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். 21 வயதும் 1,500 மணிப் பறப்பும் உடையோர், உரிய தேர்வுகளிலும் தேறியபின், பெரிய பயணி விமானங்களுக்குத் தலைமை விமானியாவதற்குரிய உயர்நிலை உரிமத்தைப் பெறுவர். ஈண்டு ஒன்று கருதத்தக்கது: வணிக விமானி உரிமத்திற்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு பௌதிகமும் கணிதமும் வேண்டும் என்பதே நெடுநாளைய விதி.

பௌதிகமும் கணிதமும் எதற்கு எனின், காவிரியில் ஓடம் விடுவோன் செயலை நினைந்தால் விளங்கும். வெள்ளம் பெருகியோடும் நாளில், நேரே எதிர்க்கரையிலுள்ள துறையை நோக்கி ஓடத்தைச் செலுத்துவோன் அத்துறையை அடையான்; நீரோட்டம் அவனைக் கீழ்த்துறைக்கு ஈர்த்துச் செல்லும். ஆதலின், அறிந்த ஓடக்காரன் ஓடத்தின் முகத்தை நீரோட்டத்திற்கு எதிராகச் சற்றே சாய்த்துச் செலுத்துகின்றான். வானத்திலும் காற்று ஓர் ஆறேயாம். விமானத்தின் வேகம், காற்றின் வேகம், காற்றின் திசை ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து, எத்திசையில் மூக்கைத் திருப்பினால் குறித்த ஊரை அடையலாம் என்று கணக்கிடுதல் வழிகாண் கலையின் முதற்பாடம். ஓடக்காரன் அனுபவத்தால் அறிந்ததை விமானி எண்ணாலும் அறிதல் வேண்டும். ஏனெனில், அவன் செல்லும் ஆற்றுக்குக் கரைகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உரிமம் வேண்டுவோர் எழுத்துத் தேர்வுகளில் தேறுதல் வேண்டும். வான்வழி காணல், வானிலையியல், விமான விதிகள், விமானத்தின் பொதுத் தொழில்நுட்பம், தாம் ஓட்டும் விமானத்தின் தனித் தொழில்நுட்பம் என்பன பாடங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 மதிப்பெண் பெற்றாலன்றித் தேர்ச்சியில்லை. தரையிலுள்ளோருடன் வானொலி வழியே பேசுதற்கு வேறொரு தேர்வும் உண்டு. ஆங்கில மொழித் திறன், உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த ஆறு படிகளுள் நான்காம் படிக்கேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். இவையனைத்தும் கடினமானவையே, ஆயினும் நூலும் ஆசிரியரும் உழைப்பும் இருப்பின் கைகூடாதவையல்ல. வானிலையியலிலோ நம் நாட்டுப் பிள்ளைகள் பிறரினும் ஒருபடி முன்னிற்கின்றனர் என்று கூறுதல் மிகையாகாது. வடகிழக்குப் பருவக்காற்றின் போக்கை நம்பிச் சம்பா பயிரிடும் குடியிற் பிறந்தோர், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய 'கஜா' புயல் தென்னந்தோப்புகளை வீழ்த்தியதைக் கண்டோர், மேகத்தைப் படித்தலின் அருமையைப் பிறர் கூறி அறியவேண்டுவதில்லை.

உடல் தகுதியைப்பற்றிப் பல பொய்க் கருத்துகள் ஊரிலே உலவுகின்றன. கண்ணாடி அணிவோர் விமானியாதல் இயலாது என்பது அவற்றுள் ஒன்று. வணிக விமானியைப் பொறுத்தவரை, கண்ணாடியால் பார்வை உரிய அளவிற்குத் திருந்துமாயின் தடையில்லை. நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் தான் இன்றியமையாதது. மருத்துவச் சோதனை இரு நிலையினது. முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனையும், பின்னர்க் கடுமையான முதல் வகுப்புச் சோதனையும் நிகழும். வணிக விமானி இம்முதல் வகுப்புச் சான்றினைப் பெறுவதோடு, பணியிலிருக்கும் காலமெல்லாம் குறித்த இடைவெளியில் அதனைப் புதுப்பித்தும் வரவேண்டும்.

இனி, பயிற்சி. 200 மணி என்பது வெறும் எண்ணன்று. அவற்றுள் 100 மணி தானே தலைமை விமானியாக இருந்து பறந்தனவாதல் வேண்டும். 20 மணி ஊர் விட்டு ஊர் செல்லும் பயணமாதல் வேண்டும். அவற்றுள் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாது, இடையே இரு வேறு விமான நிலையங்களில் இறங்கிச் செல்வதாக அமைதல் வேண்டும். தஞ்சையிலிருந்து சென்னைக்கு வான்வழியே சென்று மீளும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவினதே. கருவிகளை மட்டும் நம்பிப் பறத்தல் 10 மணி. இரவிற் பறத்தல் 5 மணி. இவ்வாறு உரிமம் பெற்ற பின்னரும் பெரிய விமானத்தை உடனே தொடுதல் இயலாது. ஏறவிருக்கும் விமான வகைக்குரிய தனிப்பயிற்சியையும் பெற்ற பின்னரே துணை விமானியாக அமரலாம்.

உடலும் அறிவும் பயிற்சியும் ஒருங்கே அமைந்தும், ஒழுக்கம் இல்லாவிடின் அனைத்தும் பாழே. 2010-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் மங்களூரில் இறங்க முற்பட்ட விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். இறங்கும் நிலை சரியாக இல்லை, மீண்டும் மேலெழுக என்று துணை விமானி ஒருமுறையன்று, பலமுறை எச்சரித்தும் தலைமை விமானி அதற்குச் செவிசாய்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. நீண்ட அனுபவமுடையோர் இளையோர் சொல்லைக் கேட்கும் பணிவும், இளையோர் மூத்தோர் தவற்றை எடுத்துரைக்கும் துணிவும் விமானிக்குரிய தகுதிகள் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது? மற்றொன்றும் உண்டு. 2011-ஆம் ஆண்டு, போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் நம் நாட்டிற் கைதாயினர்; பறவாத மணிகளைப் பறந்தனவாகக் குறிப்பேட்டிற் பதிந்து கொடுத்த செயல்களும் அவ்வாண்டில் வெளிவந்தன. வயலில் நாற்றைக் கணக்கில் மட்டும் நட்டவன் அறுவடைக் காலத்தில் அகப்படுவான்; அவனால் பட்டினி கிடப்பது அவன் குடும்பம். வானத்தில் மணியைக் கணக்கில் மட்டும் பறந்தவனோ, அறியாத பலர் உயிரைக் கொண்டு தன் பொய்க்கு விலை தருகின்றான்.

இவ்விடத்திலே, பௌதிகமும் கணிதமும் வேண்டும் என்னும் விதியைக் குறித்துத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் என்னும் முறையில் ஒரு சொல். முன்னாளில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே இந்நாட்டில் வணிக விமானிக்குப் போதியதாக இருந்தது. 1990-களிலே தான் பன்னிரண்டாம் வகுப்பில் இவ்விரு பாடங்களும் வேண்டும் என்னும் விதி புகுந்தது. கலைப் பிரிவினர்க்கும் வணிகப் பிரிவினர்க்கும் கதவைத் திறக்கலாமா என்னும் ஆலோசனை 2025-ஆம் ஆண்டில் எழுந்தது. அறிவைக் குறைத்தல் எவ்வாற்றானும் தகாது. ஆனால், பதினைந்து வயதில் ஒருவன் எப்பிரிவின் பலகையில் அமர்ந்தான் என்பதைக்கொண்டு அவன் வாழ்நாள் முழுமைக்கும் வானத்தை அடைத்துவிடுதலும் நீதியன்று. காற்றின் முக்கோணத்தை அவன் வரைய வல்லனா என்பதைத் தேர்விற் கண்டறிக. எங்குக் கற்றான் என்று கேட்பானேன்? இன்றும் கலை மாணாக்கர் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக அவ்விரு பாடங்களையும் தனியே எழுதித் தேறிப் பயிற்சியிற் சேர்ந்துள்ளனர். மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் உடன்பிறந்தார் இருவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் காற்றின் அழுத்தத்தைத் தாமே அளந்து, சறுக்கூர்தியில் ஆண்டுக்கணக்கிற் பழகியபின்னரே 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் 12 விநாடி பறந்தனர். அவர்களிடம் சான்றிதழ் இல்லை. அறிவும் பயிற்சியும் இருந்தன.

இதுகாறும் கூறிய நான்கு தகுதிகளுள் ஒன்றேனும் செல்வர்க்கே உரியதன்று. எனினும், விமானக் கூடங்களில் உழவர் மக்களும் கூலியாளர் மக்களும் அருகிக் காணப்படுவதேன்? காரணம் ஒன்றே. இந்நாட்டில் வணிக விமானிப் பயிற்சிக்கு ஆகும் செலவு அரை கோடி ரூபாயை எட்டியும் கடந்தும் நிற்கின்றது. விமான வகைக்குரிய தனிப்பயிற்சிக்கு மேலும் பல இலட்சம் வேண்டும். எரிபொருளும் ஊர்தியின் பராமரிப்பும் ஆசிரியர் ஊதியமும் ஒவ்வொரு மணிக்கும் சேர்வதால் இச்செலவு வீணாக ஏறியதன்று. எனினும் அதனை நம் நாட்டு அளவையால் அளந்து காண்போம். 2025–26-ஆம் பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மைய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அரை கோடி ரூபாய் பெறுதற்கு ஏறத்தாழ 2,110 குவிண்டால் நெல் விற்க வேண்டும். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்ததாகக் கொள்ளினும், அஃது 84 ஏக்கரின் ஒரு போக விளைவு. அஃதாவது பன்னிரண்டரை வேலி நிலத்தின் நெல் முழுவதும், விதைக்கும் உரத்திற்கும் நடவுக்கும் அறுப்புக்கும் ஒரு காசும் கழிக்காமல்! சில மா நிலமுடையோன் யாது செய்வான்? நிலமே இல்லாதான் யாது செய்வான்? ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. ஆதலின், நிலத்தை விற்றல் அல்லது அடகு வைத்தல் என்னும் இரண்டே வழி அவன் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

பயிற்சி முடித்தோர்க்கெல்லாம் உடனே பணி கிடைக்கும் எனின் அதனையும் ஒருவாறு பொறுக்கலாம். 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1,622 வணிக விமானி உரிமங்கள் நம் நாட்டில் வழங்கப்பெற்றன. அதற்கு முன் எவ்வாண்டிலும் அத்துணை வழங்கப்பெற்றதில்லை. விமானங்கள் பெருகிவருவதும், விமானிகளுக்குத் தேவை மிகுவதும் உண்மையே. எனினும், உரிமம் கையிலிருந்தும் தனிப்பயிற்சிக்குப் பொருளின்றியும் நிறுவனங்களின் அழைப்பு வாராதும் காத்திருப்போர் பலர். கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் விமானங்கள் தரையிலே நின்றபோது பணியிலிருந்த விமானிகளே ஊதியம் குறைந்து வருந்தினர். விற்ற வயல் மீண்டும் வாராது; உரிமமோ புதுப்பிக்காவிடில் பயன் தாராது.

நம் நாட்டார் மறவாது போற்றும் ஒருவர் வரலாறு ஈண்டு நினைத்தற்குரியது. இராமேசுவரத்திற் பிறந்து, இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், நம் அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் கற்க விழைந்தபோது, சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் ஜொகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். கற்றுத் தேறிய கலாம் விமானப்படையில் விமானியாக விரும்பி டேராடூனில் தேர்வுக் குழுவின்முன் நின்றார். கலந்துகொண்டோர் 25 பேர்; இடங்கள் 8; கலாம் பெற்றது ஒன்பதாம் இடம். விமானியாகும் வாய்ப்பு ஓர் இடத்தால் நழுவிற்று. எனினும் கையில் பொறியியற் கல்வி இருந்தமையால் அவர் வாழ்வு நழுவவில்லை. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக, 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், தம் 74-ஆம் வயதிலே புனேயில் 'சுகோய்-30' விமானத்தில் ஏறிப் பறந்தார். இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகின்றது. அன்று ஒரு தமக்கையின் வளையலுக்குள் அடங்கிய கட்டணம் இன்று பன்னிரண்டரை வேலி விளைவுக்குள்ளும் அடங்கவில்லை என்பது ஒன்று. விமானியாக முயல்வோன் மற்றொரு கல்வியையும் கைவிடலாகாது என்பது பிறிதொன்று.

பொருளின்றி விமானியாகும் வழிகள் அறவே இல்லை என்று கூறுதலும் உண்மையாகாது. விமானப்படை தன் விமானிகளைத் தன் செலவிலேயே பயிற்றுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் பயின்றோர் தேசியப் பாதுகாப்புக் கல்விக் கழகத் தேர்வு எழுதலாம். 2022-ஆம் ஆண்டு முதல் அங்கு மகளிரும் சேர்க்கப்பெறுகின்றனர். பள்ளியில் அப்பாடங்களைக் கற்றுப் பின்னர்த் தமிழோ வரலாறோ பயின்று உரிய மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றோரும், விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வு வாயிலாகப் பறப்புப் பிரிவுக்கு முயலலாம் என்பது நம் வகுப்பினர் பலரும் அறியாத செய்தி. உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சிலுள்ள இந்திரா காந்தி தேசியப் பறப்புக் கழகம் அரசினர் நிறுவனம். நுழைவுத் தேர்வினால் மாணாக்கரைச் சேர்க்கின்றது. எனினும் அங்கும் கட்டணம் நாற்பது இலட்சத்திற்கு மேற்பட்டது. பட்டியல் வகுப்பு மாணாக்கர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானிப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. நம் மாநிலத்துச் சேலம் விமான நிலையமும் 2022-ஆம் ஆண்டிற் பறப்புப் பயிற்சிப் பள்ளி அமைத்தற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. பள்ளி அண்மையில் வருதல் நன்றே. ஆயினும் கட்டணம் அண்மையில் வாராவிடில் பயனென்ன?

ஆதலின், யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாநில அரசினர் ஆண்டுதோறும் தகுதித் தேர்வு நடத்தி, எளிய குடும்பத்து மாணாக்கர் சிலரையேனும் தேர்ந்து, அவர்தம் பயிற்சிச் செலவைத் தாமே ஏற்றல் வேண்டும். பணியமர்ந்தபின் அவர் ஊதியத்தினின்று அதனைத் தவணையாகத் திரும்பப் பெறலாம். ஈடாக நிலத்தைக் கேளாது, உழைப்பைக் கேட்க. இரண்டாவது, எழுத்துத் தேர்வுப் பாடங்களைக் கற்பிக்கும் வகுப்புகளைக் கலைக் கல்லூரிகளே மாலை வேளைகளில் நடத்துதல் கூடும். பௌதிகமும் கணிதமும் புவியியலும் கற்பிக்கும் ஆசிரியர் ஈண்டு உளர். வானிலையியலும் வழிகாணலும் அவர்க்கு அயலானவையல்ல. மூன்றாவது, உடல் தகுதியைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுமாறு, எளிய மாணாக்கர்க்கு மருத்துவச் சோதனைச் செலவையேனும் அரசினர் ஏற்றல் வேண்டும்.

இவை கனவு என்று எள்ளுவோர்க்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு விடை தரும். 1939-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசினர் கல்லூரி மாணாக்கரை விமானிகளாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். பாடங்களைக் கல்லூரிகள் கற்பித்தன; பறத்தலை அண்மையிலுள்ள பறப்புப் பள்ளிகள் கற்பித்தன; செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. 1944-ஆம் ஆண்டிற்குள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். கறுப்பின மாணாக்கர் படித்த டஸ்கீகி நிறுவனமும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. விமானம் ஓட்ட அவர்க்கு ஆற்றலில்லை என்று கூறியோர் வாயை அங்கிருந்து எழுந்த விமானிகள் அடைத்தனர். நம் நாட்டிலும், ஜெ. ஆர். டி. டாட்டா 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்நாட்டின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற காலத்திலே தோன்றிய பறப்புச் சங்கங்கள் அரசினர் பொருளுதவி பெற்று இயங்கியவையே. 1949-ஆம் ஆண்டு உஷா சுந்தரம் என்னும் பெண்மணி பறத்தல் பயின்று தேறியதும் பெங்களூரு ஜக்கூரிலிருந்த அரசினர் பள்ளியிலேயாம். இன்று இந்திய விமானிகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் மகளிர். உலகச் சராசரியினும் இது பன்மடங்கு மிகுதி. கதவு திறந்தால் நுழைவோர் உளர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஏழைகளின் வரிப்பணத்தைச் சிலர் விமானியாதற்குச் செலவிடுதல் தகுமோ என்று வினவுவோர் உண்டு. தக்க வினாவே. ஆயினும், யாம் கேட்பது ஈகையன்று. திரும்பி வரும் கடன். மருத்துவர் ஒருவரை ஆக்குதற்கு அரசு பொருள் செலவிடுகின்றது. அவர் கையில் உயிர்கள் உள்ளன என்பதனாலன்றோ? விமானி கையிலும் உயிர்களே உள்ளன. பல்லாயிரவருள் தக்காரைத் தேர்தல் நாட்டுக்கு நலமா, பொருளுடைய சிலருள் தக்காரைத் தேடுதல் நலமா? நெல் விளையும் நாட்டில் உழவர் மக்கள் உழவையே மேற்கொள்ளட்டும் என்று கூறுவோரும் உளர். உழவைப் போற்றுதலில் அவரினும் யாம் குறைந்தோமல்லோம். ஆனால், விரும்பி உழுதல் வேறு. வேறு வாயில் அடைபட்டதனால் உழுதல் வேறு. மேலும், பிள்ளையின் பயிற்சிக்காக நிலம் விலைப்பட்டால் உழவும் போயிற்று, சிலவேளை விமானமும் போயிற்று. எம் திட்டம் நிலத்தைக் காப்பதும் ஆகும்.

அத்தகைய நன்னாள் வருமளவும், விமானியாக விழையும் நண்பர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் கூறுவது இது: ஆழம் அறியாது காலை விடாதீர். முதலில் மருத்துவச் சோதனை. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு ரூபாய் செலுத்துமுன்னரே முதல் வகுப்புச் சான்று கிட்டுமா என்று அறிக. அடுத்து எழுத்துத் தேர்வுகள். இவற்றை ஊரிலிருந்தே பயின்று, இயன்றவரை முன்னரே தேறுக. கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இருப்பின் அதிற் சேர்க. சிறு விமானத்தில் ஏறிப் பழகும் வாய்ப்பு அங்குச் சிலர்க்கேனும் கிட்டும். விமானப்படைத் தேர்வுகளை வயது கடக்குமுன் எழுதுக. பயிற்சிப் பள்ளியைத் தேரும்போது, அது தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றதா, ஓடும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, முன்னர்ச் சேர்ந்தோர் 200 மணியை எத்தனை மாதத்தில் முடித்தனர் என்று நேரிற் சென்று வினவுக. வண்ணப் படங்களை நம்பற்க. கட்டணம் முழுவதையும் ஒருங்கே செலுத்தற்க. பட்டப்படிப்பைக் கைவிடற்க. இத்தனையும் முடித்த பின்னரும் வயலை விற்றேயாக வேண்டுமெனின், குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து, பணி கிடைக்கச் சில ஆண்டுகள் தாழ்த்தாலும் தாங்க இயலுமா என்று எண்ணித் துணிக.

காவிரி நீர் மேட்டூரில் திறக்கப்பெற்றவுடன் கடைமடையை எய்திவிடுவதில்லை. வாய்க்கால் தூர்வாரப்பட்டிருந்தாலன்றித் தலைமடையிலேயே தேங்கிவிடும். கடைமடை உழவன் வானத்தையே நோக்கி நிற்பான். நாட்டில் பெருகிவரும் விமானத் தொழிலின் வளமும் அத்தகையதே. தலைமடையிலுள்ளோர்க்கு அது முன்னரே பாய்ந்துவிட்டது. கடைமடைச் சிறுவனிடம் உடல் உண்டு, அறிவு உண்டு, உழைப்பு உண்டு, நேர்மை உண்டு. வாய்க்கால் ஒன்றே இல்லை. அதனை வெட்டுதல் அவன் கடனன்று. நம் அனைவர் கடனுமாகும்.